பூதலிங்கம் கடையில் பல்லி சொன்னது

நெல்லை டவுன் தெற்கு ரத வீதியில், பாத்திரக் கடைக்கும் பூஜைச் சாமான் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த ஓர் அறையில் பூதலிங்கம் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருந்தார். தொண்ணூற்று நாலாம் வருஷம் திறந்த கடை. கம்ப்யூட்டர் என்றால் பாங்கில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சமாச்சாரம் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முன்னால் அவர் ஒரு லாரி கம்பெனியில் கணக்கு எழுதினார். முதலாளி தளர்ந்துபோய், பிள்ளைகளுக்குள் அடிதடி வந்து, ஒரு நாள் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இன்னொருத்தன் வாசலில் போய் வேலை கேட்டு நிற்பதா என்று மனுஷனுக்கு ரோஷம். மதுரையில் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, ஜாதகம் கணிக்கிற புரோகிராமை பிளாப்பியிலிருந்து ஏற்றி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கடையைத் திறந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜாதகத்தை வைத்துப் பிழைத்தாரே தவிர, பூதலிங்கத்துக்குச் சகுனத்தில் எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால், ‘அதுக்கு என்ன அவசரமோ’ என்பார். ஜாதகம் கணக்கு, கணக்கு பொய் சொல்லாது, மற்றதெல்லாம் வேலையற்றவன் கட்டிவிட்ட கதை என்பது அவர் கட்சி. இதை வாடிக்கைக்காரர்களிடமே சொல்லுவார். அந்த வாய்தான் அவருக்கு வினை.

கம்ப்யூட்டருக்குள் தகவலையெல்லாம் பத்திரப்படுத்தி வைக்கிற ஹார்ட் டிஸ்க் முதல் வருஷம் முழுவதும் மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டுதான் இருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வருஷம் சித்திரை வெயில் ஆரம்பித்த பிறகு இரைச்சலுக்கு நடுவே இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. டிக், டிக், டிக். கொஞ்சம் ஓய்வு. மறுபடி டிக், டிக், டிக். தீராத பல்வலி மாதிரி அது பூதலிங்கத்தைப் படுத்தியது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் காதுக்குள் கேட்டது. எரிச்சலில் ஒரு நாள் பெட்டியை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார். கை வலித்ததுதான் மிச்சம்.

அந்த மாசம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு குடும்பம் பொருத்தம் பார்க்க வந்தது. இரண்டு ஜாதகத்தையும் தட்டிவிட்டு அவர் பொத்தானை அமுக்கினார். டிக், டிக், டிக். கூட வந்த ஆச்சி சட்டென்று நிமிர்ந்து, விரலை மடக்கி மேஜையில் தட்டிக்கொண்டு, “பல்லி சொல்லுதே” என்றாள். எல்லோரும் சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். சுவரில் காலண்டர் தவிர ஒன்றும் இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். பூதலிங்கம் சிரித்துக்கொண்டு, “பல்லியும் இல்ல, கில்லியும் இல்ல ஆச்சி. மிஷினுதான் சத்தம் போடுது” என்றார்.

ஆச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. “மிஷினே சொல்லுதா? அப்பம் பொருத்தம் பாக்க வேண்டாம். எந்திங்கலே எல்லாரும்” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவ்வளவுதான். சுவரில் இருக்கிற பல்லி சொன்னாலாவது திசை பார்த்து, பஞ்சாங்கம் பார்த்து ஒரு சமாதானம் தேடலாம். ஜாதகம் கணிக்கிற பெட்டியே வாயைத் திறந்து வேண்டாம் என்றால் எந்தத் தகப்பன் துணிவான்? டவுன் முழுக்கச் செய்தி பரவியது. கல்யாணப் பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் அடியோடு நின்றுபோனார்கள். காலேஜ் பையன்கள் மட்டும் வேடிக்கைக்கு வந்து, பல்லி எப்போது சொல்லும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூதலிங்கம் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்.

மேலப்பாளையத்திலிருந்து முகம்மது மைதீன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு அந்த வட்டாரத்தில் அப்போது அவன் ஒருவன்தான். சைக்கிள் டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுத்தான். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. டிக் டிக் மட்டும் குறையவில்லை.

“இது உள்ள தட்டு சுத்துத சத்தம் இல்ல அண்ணாச்சி. உள்ள தேஞ்சு போச்சு. எழுதுத இடம் தெரியாமத் தடவுது. எல்லாத்தையும் பிளாப்பியில எடுத்து வச்சுக்கிடுங்க. புதுசு ஒண்ணு மாத்திருவோம்.”

“மாத்துவோம், மாத்துவோம். இப்பம் சத்தத்த மட்டும் நிறுத்தித் தா.”

“சத்தத்த நிறுத்தலாம். நோவு நிக்காது” என்று சொல்லிவிட்டு அவன் பெட்டியை மூடினான்.

அவர் மாற்றவில்லை. கடை ஓடாமல் எதை வைத்து மாற்றுவது?

வீட்டில் இதைவிடப் பெரிய கவலை ஒன்று உட்கார்ந்திருந்தது. அவருடைய தங்கை வடிவு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் பொறுப்பு முழுவதும் இவர் தலையில். முப்பது தாண்டிவிட்டது. நிறம் குறைவு, நட்சத்திரம் ஆயில்யம், மாமியாருக்கு ஆகாது என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். ஊராருக்கெல்லாம் பொருத்தம் பார்த்துக் கொடுக்கிறவர் வீட்டில் ஒரு குமர் உட்கார்ந்திருக்கிறது என்று ஜனங்கள் ஜாடையாகப் பேசியது அவர் காதிலும் விழுந்தது. வடிவு யாரிடமும் எதுவும் பேசமாட்டாள். கூடிய மட்டும் அடுக்களையிலேயே இருப்பாள்.

அந்த ஐப்பசியில் களக்காட்டிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை ஐயம்பெருமாள், உரக்கடை வைத்திருந்தான். தாயார் பார்வதியம்மாள் ஒருத்திதான், பிக்கல் பிடுங்கல் கிடையாது. பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது, ஆயில்யம் ஒரு பொருட்டில்லை என்றார்கள். பூதலிங்கத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கிளம்பும்போது பார்வதியம்மாள் வாசலில் நின்று ஒரு குண்டைப் போட்டாள்.

“எங்க ஊரு ஜோசியரு எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொன்னாரு. எதுக்கும் உங்க மிஷின்லயும் ஒருக்கா போட்டுப் பாத்துருவோம். அங்கன பல்லி சொல்லும்னு சொல்லுதாவளே! ஒண்ணும் சொல்லலேன்னா அன்னைக்கே வெத்தலை மாத்திக்கிடலாம். வாற வியாழக்கிழமை வாறோம்.”

பூதலிங்கம் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

மறுநாள் அடுக்களையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வடிவு குழம்பை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள். அவளாகப் பேசுவது அபூர்வம்.

“அண்ணே, எனக்கு மனசு ஒப்பல. அவரு காப்பித் தம்ளர ரெண்டு கையாலயும் புடிக்காரு, அப்பவும் நடுங்குது. கண்ணெல்லாம் மஞ்சப் பூத்துக் கெடக்கு. குடிக்கவருன்னு தோணுது. களக்காட்டுல ஆரையாவது விட்டு வெசாரிங்க.”

“பொண்ணு பாக்க வந்தா ஆருக்குத்தான் நடுங்காது?”

“எனக்கு வேண்டாம்ணே.”

“சரி, சரி. வெசாரிக்கேன். நீ மோரை ஊத்து.”

விசாரிக்க வேண்டும் என்றுதான் இருந்தார். அதற்காகவே ஜங்ஷனுக்கும் போனார். போன இடத்தில் முதலில் மெத்தைக் கடைக்குப் போய் நல்ல கனமான ஸ்பாஞ்சு வாங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது களக்காட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. கக்கத்தில் ஸ்பாஞ்சு, மண்டையைப் பிளக்கிற வெயில். போய்த் திரும்பினால் பொழுது போய்விடும். பெட்டியை அடக்குகிற வேலை இருக்கிறது, வியாழக்கிழமை வேறு நெருங்கிவிட்டது என்று டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, பச்சைப் பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி ஸ்பாஞ்சால் சுற்றி, நூலால் கட்டி உள்ளே வைத்தார். பெட்டியின் பக்கவாட்டுத் துவாரங்களையும் அடைத்தார். அதற்கு மேல் வெல்வெட் துணி. காதை வைத்துக் கேட்டார். சத்தமே இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

வியாழக்கிழமை களக்காட்டிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். கடை கொள்ளாமல் பாதிப் பேர் வீதியில் நின்றார்கள். பார்வதியம்மாள் பெட்டிக்கு எதிரேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பூதலிங்கம் பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு தைரியத்துக்காக இடது கையைப் பெட்டிமேல் வைத்துக்கொண்டார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வெல்வெட் துணிக்கு அடியில், உள்ளங்கையில் மெதுவாக ஏதோ தட்டியது. மூன்று தட்டு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று தட்டு. முகத்தில் சிரிப்பை மாற்றாமல் அவர் கையை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டார். பிரிண்டர் கரகரவென்று தாளைத் துப்பியது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பார்வதியம்மாள், “பல்லியக் காணலயே!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கே வெற்றிலை மாற்றினார்கள்.

தை மாசம் கல்யாணம். வடிவு அழவில்லை, சிரிக்கவும் இல்லை. குனிந்த தலை நிமிராமல் காரில் ஏறிப் போனாள். வெட்கம் என்று எல்லோரும் சொன்னார்கள், பூதலிங்கமும் அப்படியே நினைத்துக்கொண்டார்.

மாசி கழிவதற்குள் கம்ப்யூட்டர் அடியோடு படுத்துவிட்டது. மைதீன் வந்து திறந்து பார்த்தபோது ஸ்பாஞ்சு கருகி ஹார்ட் டிஸ்கோடு ஒட்டிக்கிடந்தது. கணித்து வைத்திருந்த அத்தனை ஜாதகமும் போச்சு. மைதீன் ஸ்பாஞ்சைச் சுரண்டி எடுத்துக் கீழே போட்டான்.

“அது நோவுன்னு கத்துச்சு. நீங்க வாயப் பொத்திட்டீயளே அண்ணாச்சி!”

வேறு வழியில்லாமல் கடனை உடனை வாங்கிப் புதிது போட்டார். அதற்குச் சத்தம் என்பதே இல்லை. பல்லிப் பேச்சும் பைய அடங்கி, ஜனங்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். கடை நன்றாகவே நடந்தது.

கார்த்திகை மாசம் ஒரு காலையில் வடிவு ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். பூதலிங்கத்தின் மனைவி செண்பகம்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். குடி. உரக்கடை பெயருக்குத்தான், உள்ளே வெறும் சாக்கு. ராத்திரியானால் அடி. ஒரு நாள் விழுந்த அறையில் இடது காதில் ரத்தம் வந்து, அதோடு அந்தக் காது கேட்காமல் போய்விட்டது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். சவ்வு கிழிந்துவிட்டது, நாள்பட்டுப் போய்விட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவளை இடது பக்கமாக நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பூதலிங்கம் ஒவ்வொரு தடவையும் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய்க் கூப்பிடுவார்.

பூதலிங்கம் மாறிப்போனார். சகுனம் பார்ப்பவர்களைக் கிண்டல் பண்ணிய வாய் அடைத்துப்போய்விட்டது. பொருத்தம் பார்க்க வந்தவர்கள் முன்னால் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, குனிந்து காதை அதன்மேல் வைத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காது. அந்த அமைதி அவருக்குப் பயமாக இருந்தது. சுவரில் நிஜப் பல்லி சொன்னால் உடம்பு பதறும். நான்தான் பொத்தினேன், நான்தான் பொத்தினேன் என்று செண்பகத்திடம் சொல்லிச் சொல்லி அழுதார். அவள்தான் பொறுக்க முடியாமல், காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் இருக்கிறது, தொட்டால் பல்லி தோஷம் போகும் என்பார்கள், வடிவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள் என்றாள். அவர் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்து வந்தார்.

வடிவு அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் வலது பக்கமாக வந்து நின்றார்.

“வடிவு, வெள்ளிக்கிழமை காஞ்சிபுரம் போறோம். பல்லியத் தொட்டுட்டு வருவோம். அன்னைக்கு அந்தப் பெட்டி சொல்லுச்சும்மா. எங் கைக்குத் தெரிஞ்சுது, மூணு மூணாத் தட்டுச்சு. கேட்டிருந்தா உனக்கு இந்தக் கதி வந்திருக்காது. நான் பாவி, பொத்திட்டேன்.”

வடிவு களைந்த தண்ணீரை வடித்துக் கொட்டினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பல்லி சொன்னதக் கேக்கலேன்னா காஞ்சிபுரத்துல போயித் தொட்டுக்கிடலாம். சரி. இதே அடுக்களையில நின்னுதான நான் வேண்டாம்னு சொன்னேன். அதக் கேக்காததுக்கு எங்கன போயித் தொடுவிய அண்ணே?”

பூதலிங்கம் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பி உலையில் அரிசியைப் போட்டாள்.