வீட்டுப்பேர் கட்டாயம்

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தபோதுதான் எனக்கு அந்த நேர்முகத் தேர்வு வந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. லயத்தில், அதாவது எஸ்டேட்காரர்கள் கட்டிய வரிசை வீடுகளில், நாங்கள் இருக்கும் அறையும் அடுக்களையும் அம்மாவின் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. அவள் இடத்தில் கொழுந்து பறிக்க நான் பேர் பதிந்தால் இருக்கலாம், இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். அப்பா இல்லை. திரும்பிப் போக வேறு ஊரும் இல்லை. வெளியே எனக்கு ஒரு வேலை கிடைத்தால் எங்காவது வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்காகத்தான் டிகிரி முடித்த கையோடு அடிமாலியில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து வெப் அப்ளிகேஷன் செய்யப் படித்தேன். ஃபிரேம்வொர்க் இருந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எந்தப் பாதி என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் திறக்க எந்த ஃபைல் எதைக் கூப்பிடுகிறது என்று புரிவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது. வகுப்பில் ஓடியதை அப்படியே வீட்டுக்கு வந்து அடித்தால் திரை முழுக்க எரர். வெர்ஷன் மாறிவிட்டதாம். நான் ஒன்றைக் கற்றுக்கொண்டு நிமிர்வதற்குள் அவர்கள் அதை மாற்றிவிடுவார்கள். யார் அந்த அவர்கள் என்று இன்றுவரை தெரியாது. வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

தேர்வுக்குக் காட்ட, மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் அறை பதிவு செய்யும் அப்ளிகேஷன் ஒன்றைச் செய்தேன். பதிவுப் பக்கத்தில் பேருக்கு அடுத்த கட்டம் வீட்டுப்பேர். கேரளத்தில் குடும்பத்து வீட்டுக்கென்று ஒரு பேர் இருக்கும், அது இல்லாமல் ஒரு விண்ணப்பமும் நகராது, வகுப்பிலும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். கட்டாயம் நிரப்ப வேண்டும், எழுத்து மட்டும்தான், எண் கூடாது என்றெல்லாம் விதி எழுதினேன். சோதித்துப் பார்க்க, என்கூடப் படித்த பெண்களின் வீட்டுப்பேர்களைப் போட்டேன். அழகாகப் பதிவானது. லயத்து வீட்டுக்கு ஏது பேர்? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் அந்தக் கட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். ஒரு ஆபீசில் அதில் கோடு போடுவார்கள், இன்னொன்றில் எஸ்டேட் பேரை எழுதுவார்கள், வேறொன்றில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாளை வரச் சொல்வார்கள். அத்தனையும் பட்டவள்தான் அந்த விதியை எழுதினேன்.

தேர்வு வீடியோ காலில். லயத்தில் சிக்னல் கிடையாது. தேர்வன்று சித்திரபுரம் பஸ் நிறுத்தத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாரல் அடித்ததால் அம்மா லீவு போட்டுவிட்டு வந்து குடை பிடித்தாள். நேர்முகம் நடத்திய மேடம் நல்லவர்தான். நான் செய்ததையெல்லாம் பொறுமையாகப் பார்த்து, “கொள்ளாம்,” நன்றாக இருக்கிறது என்றார். என் வயிற்றில் பாலை வார்த்தார். முதலிலிருந்து ஒரு தடவை பதிவு செய்து காட்டு, உன் விவரத்தையே போடு என்று மலையாளத்தில் சொன்னார்.

பேரை அடித்தேன். அடுத்த கட்டத்தில் கை நின்றுவிட்டது. வெறுமையாக விட்டு அழுத்தினேன். ‘வீட்டுப்பேர் கட்டாயம்’ என்று சிவப்பில் வந்தது.

“லயத்து நம்பரப் போடேன் புள்ள,” என்றாள் அம்மா மெதுவாக.

போட்டேன். ‘எழுத்து மட்டும்’ என்றது.

“வீட்டுப்பேரு எந்தா?” என்றார் மேடம்.

“இல்லா, மேடம்.”

“எல்லா வீட்டினும் பேருண்டாவுமல்லோ,” என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

வாயில் வந்த எதையாவது அடித்திருக்கலாம். அம்மா பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கும்போது அவள் வீட்டுக்கு யாருடைய பேரையோ வைக்கக் கை வரவில்லை. அவர் கண் முன்னாலேயே அந்த விதிகளை அழித்தேன். மறுபடி அழுத்தினேன். இப்போது பக்கமே விழுந்துவிட்டது. படிவத்தில் அழித்தால் போதாது, டேட்டாபேஸுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்த விஷயம்தான், பதற்றத்தில் மறந்துவிட்டது. எந்த ஃபைல், எந்த கமாண்ட் என்று விரல் தேடிக்கொண்டிருந்தபோதே மேடத்தின் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டது. திரும்பக் கிடைத்தபோது, நேரம் முடிந்தது, தெரிவிக்கிறோம் என்று மெசேஜ் வந்திருந்தது.

“பேரு போடலன்னா கம்ப்யூட்டரு வுடாதாக்கும்?” என்று அம்மா கேட்டாள்.

“நான்தாம்மா வுடாதன்னு எழுதிவச்சேன்.”

அம்மா குடையை மடக்கிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்த்தாள். எனக்கு அந்த லேப்டாப்பைத் தூக்கி ரோட்டில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. வேறு சில இடங்களுக்கும் எழுதினேன், பதிலே இல்லை. அம்மாவின் கடைசி மாதம் வந்துவிட்டது. நான் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

அங்கேயும் இப்போது கம்ப்யூட்டர்தான். கிளார்க் என் பேரைக் கேட்டு அடித்தார். அம்மா பேர், டிவிஷன், லயத்து நம்பர். அடுத்து வீட்டுப்பேர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு தட்டுத் தட்டினார், பதிவாகிவிட்டது.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“அவ்வளவுதான் தாயி. திங்கக்கெழம கூடையோட வந்துரு.”