உருகிய தோடு

மகள் பாட்டனி டவுன்ஸ் கடைகளுக்குப் போய் ஒரு சின்ன கேஸ் டார்ச் வாங்கிவந்தாள். ஏதோ புட்டிங்கின் மேல் சர்க்கரையைக் கருக்கவாம். அது உஸ்ஸென்று நீல நாக்கை நீட்டியதும், "ரொம்பக் கிட்ட கொண்டுபோகாதே, போயிடும்" என்று கத்திவிட்டேன். "மம், இட்ஸ் ஜஸ்ட் ஷுகர்" என்றாள். அவளுக்கென்ன தெரியும்.

ஆக்லாந்து வந்த புதிதில், கணவர் ஐடி வேலைக்குப் போக, நான் ஒரு கல்லூரியில் நகை வடிவமைப்புப் படித்தேன். போட்டுக்கொள்ளத் தெரிந்தால் செய்யவும் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. முதல் இரண்டு மாதம் பித்தளைத் தகட்டை அறுக்கிறேன் என்று மெல்லிய ரம்ப இழைகளை ஒடித்ததுதான் மிச்சம். பக்கத்துப் பெஞ்சில் சரோ. ஃபிஜிக்காரி. பூட்டனார் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அவளிடம் தமிழ் இருபது வார்த்தை இருந்தால் அதிகம். அந்த இருபதில் மரியாதைக்கு இடமில்லை. "அக்கா, சோறு தின்னியா?" என்பாள்.

ஒருநாள் அவள் அம்மாவின் தோடு ஒன்றை என்னிடம் கொடுத்தாள். தண்டு ஒடிந்திருந்தது. அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "உன் கை நடுங்காது, நீ ஒட்டிக் கொடு" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாத்தியார் வரும்வரை காத்திருந்திருக்கலாம். பொடி வைத்து ஊதுவது என்பார்களே, அந்த வேலைதான். பொடி வைத்துப் பேச எனக்கு நன்றாகவே வரும், ஊதத்தான் வரவில்லை. தண்டை ஒட்டவேண்டிய பொடி இளகக் காணோமே என்று சுடரை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். தோட்டின் ஓரம் பளபளத்தது. கண்மூடித் திறப்பதற்குள் பூவேலையெல்லாம் சுருண்டு ஒரு மிளகளவு உருண்டையாகிவிட்டது.

"முடிஞ்சுதா?" என்று வந்து கேட்டவளிடம் நாளைக்கு என்றேன். மத்தியானம் முழுக்க உருண்டை ஏப்ரன் பையில் கனத்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அழுதுகொண்டே உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"அழாதே அக்கா" என்றாள். பிறகு இங்கிலீஷில், "அம்மாவுக்கு எப்பவுமே சூடு ஆகாது" என்று சிரித்தபடி உருண்டையை எடுத்துக்கொண்டாள். அதை நம்பி வீட்டுக்குப் போனேன். மறுநாள் அவள் சாமான்களோடு வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

இரண்டு வாரம். நான் சாப்பிடவேயில்லை என்றால் பொய், சாப்பிட்டேன், இறங்கவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, உருண்டையையும் அந்த இன்னொரு தோட்டையும் என் முன்னால் வைத்தாள்.

"ஒத்தைத் தோட்டை வச்சு என்ன பண்றது? இதையும் உருக்கு" என்றாள் இங்கிலீஷில்.

"வேண்டாம் சரோ, நீயே பண்ணு."

டார்ச்சை என் கையில் திணித்தாள். முழங்கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். உருக்கும் மூசைக் கிண்ணத்தில் இரண்டும் ஒன்றாகிச் சுழன்றன. கம்பியிழுத்து, வளைத்து, ஒரு மெல்லிய மோதிரம் செய்தோம். அவள் விரலில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றே பழைய பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

அந்தப் படிப்பையே பிறகு நிறுத்திவிட்டார்கள். பட்டறை இருந்த மாடியில் இப்போது யார் யாரோ குடியிருக்கிறார்கள். சரோ மகனோடு பிரிஸ்பேன் போனாள். முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் தீபாவளிக்கு மட்டும். ஒரு தீபாவளிக்கு அந்த எண்ணே இல்லை. சரி, இணையத்தில் தேடலாம் என்று உட்கார்ந்தேன். சரோ என்று தட்டிய பிறகுதான் உறைத்தது, அவளுடைய முழுப்பெயரை நான் கேட்டதேயில்லை.