நிரூபணமாகாத கருதுகோள்

முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு வாசிக்கும் ஆசையே செத்துவிட்டது. செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போகிறேன். மடியில் ஓர் ஆய்வேடு இருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதற்கு முன்பே நான் தூங்கிவிடுவேன். எல்லாம் ஒரே கதை. ‘இப்படித்தான் இருக்கும்’ என்று முதலில் ஒரு கணிப்பு. அதற்குக் கருதுகோள் என்று பெயர். கடைசி அத்தியாயத்தில் ‘சொன்னபடியே இருந்தது’. ஒருவர் கணிப்புகூடத் தப்பியதில்லை. ஜோசியக்காரன் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் முதல் பட்டதாரி. பி.எச்டி. சேர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதற்கு ஆய்வேட்டில் நல்ல மார்க் வேண்டும். முதுகலை படித்தால் படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும் என்பது அவளுடைய கருதுகோள். லால்பேட்டை, மஞ்சக்குப்பம் என்று வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எம்.ஏ. முடித்தவர் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். எம்.எஸ்சி. முடித்தவள் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறாள். ‘கருதுகோள் நிரூபணமாகவில்லை’ என்று எழுதி முடித்திருந்தாள். அன்று பஸ்ஸில் நான் தூங்கவில்லை. இந்த ஒருத்தியையாவது கரையேற்றிவிடலாம் என்று நம்பினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்து வருவது, சாப்பாடு, கிளம்பும்போது கையில் முந்திரி பாக்கெட் எல்லாம் எங்கள் சம்பிரதாயம். அவர் எந்த ஆய்வேட்டிலும் கடைசி அத்தியாயத்தைத்தான் புரட்டினார்.

“என்னம்மா, நிரூபணமாகலன்னு எழுதியிருக்க? அப்ப ஆய்வே ஃபெயிலுதான?”

“இல்லங்க சார், அவுங்க சொன்னதத்தான் எழுதினேன்.”

“படிச்சு பிரயோஜனம் இல்லன்னு யுனிவர்சிட்டியிலயே உக்காந்து எழுதுவியா?”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கணிப்பு பொய்த்தாலும் அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான் என்று தொண்டை வறளக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

“சாப்ட்டு வர்றேன் சார். அதுக்குள்ள மாத்திக்கிட்டு வரச் சொல்லுங்க. இல்லன்னா பாஸ் மார்க்குதான்” என்று கை கழுவப் போனார்.

அவள் என்னைப் பார்த்தாள். மாற்றாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் படியிறங்கி, எதிரே இருந்த டைப்பிங் கடைக்குப் போய்விட்டாள். அவர் மோர் சாதத்துக்கு வருவதற்குள் புதுப் பக்கங்களோடு திரும்பினாள். கருதுகோள் நிரூபணமாகியிருந்தது. கண்ணாடி ஒட்டுகிறவர் தகவல் தொழில்நுட்பத் துறைக்குப் போயிருந்தார். புடவை மடிக்கிறவள் சில்லறை வணிக நிர்வாகத்தில் இருந்தாள். வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மார்க்.

இந்த வருடம் பி.எச்டி.க்கு என்னிடமே சேர்ந்திருக்கிறாள். துறையில் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். முதல் நாள் தலைப்பு பற்றிப் பேச உட்கார்ந்தோம். எந்த ஊருக்குப் போகலாம், யார் யாரைக் கேட்கலாம் என்று நான்தான் உற்சாகமாக ஆரம்பித்தேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“சார், கடைசியில என்ன வரணும்னு மொதல்ல சொல்லிடுங்க. அப்புறமா ஃபீல்டுக்குப் போறேன்.”