காத்திருப்பு அறைச் சுவர்

குகனேஸ்வரிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. இத்தாலியின் பலெர்மோவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி, கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பழைய ரயில் நிலையத்தைப் பத்தொன்பது வருடமாகப் பளிச்சென்று வைத்திருந்தவள் அவள்தான். ரயில் நின்று நாற்பது வருடமாகிவிட்டது. கடைசி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள், எல்லோரும் மரியாதையாக 'சிஞ்ஞோரா' என்று அழைத்த கொன்செத்தா மட்டும் அங்கேயே குடியிருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் குகனேஸ்வரி போனாள்.

காத்திருப்பு அறையில் ஒரு சுவரை மட்டும் சிஞ்ஞோரா தொட விடமாட்டார். சுவர் முழுக்கப் பென்சில் கிறுக்கல். அந்தக் கோணல்மாணல் இத்தாலியக் கையெழுத்தைக் குகனேஸ்வரிக்கு வாசிக்க வராது. கேட்டால் சிஞ்ஞோரா பழங்கதை தொடங்கிவிடுவார், அடுப்பில் கறி கரிந்துவிடும் என்று கேட்கவுமில்லை.

தையில் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். பிள்ளை குட்டி இல்லை. நிலையத்தை நினைவகமாக்கி, குகனேஸ்வரியையே காவலுக்கு வைக்கும்படி ஊர்ச்சபைக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். அது நடக்காவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

"முப்பத்தொண்டு வருதெல்லே அக்கா, வெள்ளை அடிச்சனீங்களோ?" என்று பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து போனில் கேட்டாள் சிநேகிதி நிரோசினி. முப்பத்தோராம் நாளுக்கு முன் செத்த வீட்டுக்கு வெள்ளை அடித்துத் துடக்கு, அதாவது தீட்டு, கழிப்பது ஊரில் அவர்கள் பக்கத்து வழக்கம்.

"ஓம், நாளைக்கு அடிக்கப்போறன். பெத்த பிள்ளை இருந்தால் செய்திருக்கும்தானே."

துடக்குக் கழிக்கையில் ஒரு சுவரை விட்டுவைக்கக் கூடாதே என்று, கிறுக்கல் மறையும்வரை அந்தச் சுவருக்கு மட்டும் இரண்டு பூச்சுப் போட்டாள். அன்போடுதான் போட்டாள், அதுதான் கொடுமை. பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சிஞ்ஞோராவின் படத்துக்கு விளக்கேற்றினாள்.

அடுத்த வாரம் கமராவோடு வந்த ஊர்ச்சபைப் பெண் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வாங்குப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதல் ரயில் வந்த நாள், வெள்ளத்தில் பாலம் போனது, போரில் கூரை விழுந்தது, கடைசி ரயில் என்று மூன்று தலைமுறை ஸ்டேஷன் மாஸ்டர்கள் எழுதி வைத்த சரித்திரமாம் அது. வேறெங்கும் பதிவில்லையாம்.

"அந்தச் சுவருக்காகத்தான் நினைவகம். வெறும் கட்டடத்துக்குக் காவல் எதற்கு?" என்றாள் அவள்.

குகனேஸ்வரி நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். சுண்ணாம்போடு பென்சிலும் உதிர்ந்தது.

இரக்கப்பட்டோ என்னவோ, அந்தப் பெண் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். சுவரில் சிஞ்ஞோரா தன் கையால் எழுதிய ஒரே வரியை அதில் படியெடுத்து வைத்திருந்தார்: "2006 நவம்பர் 3. குகனா வந்தாள். ரயில் நின்ற பிறகு இங்கே வந்து, திரும்பிப் போகாத ஒரே ஆள்."

அது சுவரில் எந்த இடத்தில் இருந்தது என்று குகனேஸ்வரி கேட்டாள். அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை.