சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற பொட்டி

அக்காள்மடத்து ஜோதிமேரிக்குப் புது டிவி வந்தபோது தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஆஸ்லின் அனுப்பியது. படம் அத்தனை துல்லியம். கடலைக் காட்டினால் நுரை தனித்தனியாகத் தெரிந்தது. சத்தம்தான் போதவில்லை. தகடு மாதிரி மெலிசான டிவி, பேச்செல்லாம் அதன் முதுகுப் பக்கமாக எங்கோ போய் விழுந்தது. டிவிக்கு அடியில் வைக்கிற மாதிரி சின்னதாக ஒரு சவுண்ட்பார் வாங்கிக்கொள்ளும்படி மகள் போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தெளிவாகக் கேட்கலாமாம். ஜோதிமேரி சரி என்றாள். ஆனால் அவள் மனதில் இருந்தது பூசை அல்ல.

அவள் வீடும் கொழுந்தன் சகாயவினோத்தின் வீடும் ஒரே வீட்டைப் பாகம் பிரித்தவை. நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் சகாயவினோத் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தான். விசைப்படகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் பாட்டுதான். ஜோதிமேரியின் புருஷன் ஆன்டனி ராஜ் ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த கடைசி மாதம், சுவர் அதிர அதிர, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு கிடந்தார். ஒரு நாள் தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்த் தம்பியிடம் கேட்டார். ஜோதிமேரி பின்னாலேயே நின்றாள்.

"என் வீட்டுல என் பொட்டி பாடுது. முடியலைன்னா காதுல பஞ்ச வச்சுக்க" என்றான் தம்பி.

ஆன்டனி ராஜ் திரும்பி வந்து படுத்தார். பாட்டுச் சத்தத்துக்கு நடுவேதான் அவர் உயிர் போனது. இவள் அழுத அழுகை கேட்ட பிறகுதான் அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

அடக்கத்தன்று சகாயவினோத் குழிமேட்டில் விழுந்து அழுதான். ஜோதிமேரி அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன்பிறகும் சண்டை போடவில்லை. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போனது. அவனுடைய ஸ்பீக்கர்கள் உப்புக்காற்றில் அரித்து ஊமையாகின. அவள் காதில் விழுந்த அந்த வார்த்தை மட்டும் அரிக்கவில்லை.

நண்டு கம்பெனியில் சதை பிரிக்கும் வேலை அவளுக்கு. போட்டிருந்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினாள். கடையில் இருந்த சஃபீர் பொறுமையான ஆள். அவள் அறையின் அளவைக் கேட்டுவிட்டு, அதற்கு ஒரு சவுண்ட்பாரே தாராளம் என்றான். பேச்சு தெளிவாக இருக்கும், விலையும் கைக்கு அடக்கம். அட்டையில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு மலிவாக வருகிற செட்டுகளை நம்ப வேண்டாம், கொஞ்சம் ஏற்றினாலே கரகரக்கும் என்றும் சொன்னான். ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த சத்தத்துக்கென்று தனியாக ஒரு பேஸ் பொட்டியும் கொண்ட செட் அவளுக்கு அதிகம் என்பது அவன் எண்ணம்.

எல்லாவற்றையும் போட்டுக் காட்டச் சொன்னாள். அவன் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் நாற்காலி போட்டான். அவள் உட்காரவில்லை. வெளியே வந்து, அறையின் பின்சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவச் சாத்திட்டுப் போடுங்க தம்பி. நான் இங்கன நின்னு கேக்குறேன்."

சவுண்ட்பார் அவளுக்கு எட்டவே இல்லை. மலிவு செட் இரைந்தது, ஆனால் கைக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து ஸ்பீக்கர் செட்டைப் போட்டதும் சுவர் உள்ளங்கையில் குத்தியது. அதையே எடுத்தாள். பேஸ் பொட்டியைச் சுவரை ஒட்டி வைத்தால் அதிர்வு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், தள்ளி வையுங்கள் என்று சஃபீர் சொல்லி அனுப்பினான். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, ஆன்டனி ராஜ் படுத்திருந்த மூலையில், சுவரோடு சுவராகப் பொட்டியை வைத்தாள். படகு ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து காலையில் கரைக்கு வரும். சகாயவினோத் வந்து படுப்பான். கம்பெனிக்கு நண்டு வந்து இறங்க மதியமாகும், அதுவரை அவள் வீட்டில்தான். படகு வந்த காலைகளில் மட்டும், அவன் கட்டில் கிரீச்சிடும் சத்தத்துக்குக் காத்திருந்து, சண்டைப் படமாகப் பார்த்துப் போட்டாள். திரையைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவன் மனைவி பிரெசில்லா வந்து கேட்டாள். தனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று ஜோதிமேரி சொல்லி அனுப்பிவிட்டாள். சில வாரம் கழித்து அவனே வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

"மைனி, கடலுக்குப் போயிட்டு வந்து கண்ண மூட முடியல. கொஞ்சம் கொறைச்சு வைங்க."

அவள் டிவியை நிறுத்தினாள். "ஒங்க அண்ணனும் ஒங்கிட்ட இதத்தான் கேட்டாரு. நீ என்ன சொன்னன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் யோசித்தான். நடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "அண்ணன் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே மைனி."

இத்தனை வருஷம் அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை, சொன்னவனிடம் இல்லவே இல்லை. அவர் நடந்து வந்தது, நின்றது, இவன் சொன்னது, தலையணை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். மன்னிக்கச் சொன்னான். அவள் உள்ளே போய் டிவியைப் போட்டாள்; சத்தத்தை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை.

அந்த மாதமே, வலை இழுக்கும்போது கண் அசந்து, கயிற்றில் சிக்கி அவனுக்கு இரண்டு விரல் நசுங்கியது. சேதி வந்த அன்று ஜோதிமேரி பொட்டியைத் தொடவில்லை. அடுத்த நாள் போட்டாள்.

கை ஆறுவதற்குள் அவர்கள் பாம்பனில் பிரெசில்லாவின் அம்மா வீட்டுக்குக் குடிபோனார்கள். பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பிரெசில்லா இவள் வாசலுக்கு வந்தாள்.

"இப்ப மனசு ஆறுச்சாக்கா?"

ஜோதிமேரி அவளை நேராகப் பார்த்தாள். "ஆறல. ஆனா நல்லாருக்கு."