எலும்பு சூப்பும் என் பரீட்சை முடிவும்

ரத்தப் பரிசோதனைக்கு விழுந்து விழுந்து தயாராகி, அதிலும் தேறாமல்போன ஒரே ஆள் அநேகமாக நான்தான்.

அப்போது நாங்கள் மர்பி டவுனில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஒன்றரை. கிருமியை எதிர்க்கும் சக்தி இல்லாமலே பிறந்தவன் அவன்; எங்களுக்கு வெறும் தும்மலாக வருவது அவனை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும். கூடப் பிறந்தவர்களில் ஒருவருடைய எலும்பு மஜ்ஜை பொருந்தினால் மாற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்கும் அக்காவுக்கும் ரத்தம் எடுக்க நாள் குறித்தார்கள்.

செய்தி கேட்ட அன்றே பக்கத்து வீட்டு அத்தை சூப்போடு வந்துவிட்டாள். “எலும்புல சத்து இருந்தாத்தானே கண்ணு எடுத்துக் குடுக்க முடியும், குடி.” ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் அது. வீட்டில் கறி கிடையாது. தம்பிக்காக என்பதால் விலக்கு உண்டு; அக்கா விரதத்தை விடமாட்டேன் என்றுவிட, அது எனக்கு மட்டும் ஆனது. சாமியாரை யாரும் கேட்கவில்லை. தியாகியின் முகத்தோடு நான் எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சுவேன். எதிரே மோர்ச்சோற்றோடு உட்கார்ந்திருக்கும் அக்கா, “ஏசுசாமிகூட இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டாருடா” என்பாள்.

முடிவு வந்தது. அக்காவினுடையது அப்படியே பொருந்தியது. என்னுடையது பொருந்தவில்லை.

“இன்னொரு வாட்டி பாருங்க டாக்டர். அன்னிக்குக் காலைல சூப் குடிக்காம வந்துட்டேன்” என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மகன் பெயிலானால் தாய் வேறென்ன செய்வாள்? அடுத்த முறை கட்டாயம் பாஸாகிவிடுவதாக அவள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன்.

யாருடையதும் பொருந்தாமல் போயிருந்தால் அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியிருந்திருக்காது. இப்போது பொருந்திவிட்டது. புதியதை ஏற்றுவதற்கு முன் தம்பியின் மஜ்ஜையை மருந்து கொடுத்து அழிக்கவேண்டும். அதிலேயே அவன் போய்விடலாம். வேண்டாமென்று விட்டால் அடுத்த சளியில் போகலாம். அப்பா, “நீயே சொல்லு” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஈஸ்டர் முடிந்த மறுநாள் அம்மா சரி என்றாள்.

தம்பி இன்று என்னைவிட ஒரு சாண் உயரம். அம்மாவின் அழுகை எனக்கு விளங்கியது, எனக்கொரு மகன் பிறந்த பிறகுதான். போன மாதம் அதை அவளிடமே கொஞ்சம் உருக்கமாகச் சொன்னேன்.

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

“அதுவும்தான். ஆனா பாதி அழுகை உன்னாலதான்டா. அவ்ளோ பெரிய டாக்டர் முன்னாடி சூப்பு சூப்புன்னு மானத்த வாங்கிட்டியே.”