சுத்தமான ஆற்று நண்டு

அனல்மின் நிலையக் கம்பெனியின் விரிவாக்கத்துக்காக அதிகாரிகளையும் ஊர்க்காரர்களையும் சரிக்கட்டுவதுதான் அவருடைய வேலை. மழுங்கச் சிரைத்த முகம், முழுக்கைச் சட்டை, கையில் ஓர் அட்டை. நெட்டுக்குப்பத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த அட்டையில் அச்சடித்த வரிசைப்படிதான் நடப்பார். செருப்பை வாசலில் கழற்று. குழந்தையின் பெயரைக் கேள். கொடுப்பதை மறுக்காமல் சாப்பிடு. ஒவ்வொன்றுக்கும் எங்கள் கண்ணெதிரிலேயே டிக் அடிப்பார். வரும்போதெல்லாம் என் மகளின் பெயரைக் கேட்டார். ஒருமுறைகூட நினைவில் வைத்ததில்லை.

அந்தக் கம்பெனியின் சாம்பல் கலந்து எங்கள் ஆறு செத்துக்கொண்டிருந்தது. "தண்ணி சுத்தமா இருக்கு, டெஸ்ட் பண்ணிட்டோம்" என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டு, மறுநாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். என் மனைவி தட்டு நிறைய நண்டு வைத்தாள்.

"எங்க புடிச்சதும்மா?"

"நம்ம ஆத்துலதான். சுத்தமா கீதுன்னு நீதான சொன்ன? துன்னு சார்."

அவர் அட்டையைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஒரு துண்டை மெல்லாமல் விழுங்கினார். கொழுத்த கால் ஒன்றை நானே உடைத்து அவர் கையில் கொடுத்தேன். அதையும் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் டிக் அடித்ததை நிதானமாக ரசித்தேன். அந்த நிலையிலும் டிக் அடிக்க மறக்காதவரை என்னவென்று சொல்வது?

அடுத்த முறை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னைக்கு எனக்கு விரதம்மா" என்றார். அட்டையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது.

"எப்ப முடியுதுன்னு சொல்லு சார்" என்றேன். "புதுசா நண்டு புடிச்சினு வரேன்."